சாரே, வண்டிக்கு ஏறியாச்சா?

மின்சாரத்துக்குப் பஞ்சமான ஊர் என்று எங்கள் மயிலாடியை யாரும் சொல்லிவிட முடியாது. வடக்கே முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்றைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கிழக்கே கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு. வடமேற்கே மலைக்குள் கோதையாறு நீர்மின் நிலையம். காற்று, அணு, தண்ணீர் என்று மூன்று பக்கமும் கரண்டு கொட்டுகிற இடத்தின் நட்டநடுவில் இருந்துகொண்டு, ஒரு மனிதன் தன் காருக்கு நாலு யூனிட் சீக்கிரம் ஏற மாட்டேன் என்கிறதே என்று தவம் கிடக்கிறான் என்றால், அவன் தலையெழுத்தை என்னவென்று சொல்ல?

அந்த மனிதன் நான்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆயுள் முழுக்கச் சதவீதக் கணக்கு நடத்தியவன் கையில், எந்நேரமும் சதவீதத்தையே காட்டிக்கொண்டிருக்கிற ஒரு வண்டியைக் கொடுத்தால் அந்த வீடு உருப்படுமா என்று என் மனைவி வாரத்துக்கு ஒருதரமாவது கேட்பாள். கேட்பது என்னிடம் அல்ல, அடுக்களைச் சுவரிடம். ஆகவே நானும் பதில் சொல்வதில்லை.

வண்டியின் கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த வண்டி மேல் ஒரு புகாரும் கிடையாது. புகார் ஏதாவது இருந்தால் அது வண்டிக்கு என் மேல் இருக்கலாம். கொரோனா வந்த வருஷத்து வண்டி என்பது மட்டும் போதும். அந்தத் தலைமுறை மின்கார்களின் ஜாதகம் இப்படி: 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா 39.2 யூனிட் பேட்டரியோடு வந்தது. 2020 ஜனவரியில் ஒரே மாசத்தில் எம்ஜி இசட்எஸ் 44.5 யூனிட்டோடும், டாடா நெக்ஸான் 30.2 யூனிட்டோடும் இறங்கின. டிசி சார்ஜரில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் எண்பது சதவீதம் ஏறும் என்பதே அன்றைக்குப் பெரிய பெருமை. சாயாக்கடையில் நான் அதைச் சொன்னபோது நாலு பேர் வாயைப் பிளந்தார்கள். அதே நாலு பேர்தான் இப்போது என்னைக் கண்டதும், “சாரே, வண்டிக்கு ஏறியாச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறார்கள்.

காலம் மாறிப்போச்சு. 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் வைத்து இரண்டு கார்களை அறிமுகப்படுத்தியது. 175 கிலோவாட் வாங்கும், இருபதிலிருந்து எண்பதுக்கு இருபதே நிமிஷம் என்றார்கள். சீனத்து பிஒய்டி 2025 மார்ச்சில் ஒரு மெகாவாட் சார்ஜரைக் காட்டி, ஐந்து நிமிஷத்தில் நானூறு கிலோமீட்டருக்கு ஏறும் என்று அறிவித்தது. என் வண்டி புதுசாக இருந்த நாளிலேயே 25 கிலோவாட்டுக்கு மேல் கை நீட்டியதில்லை. இப்போது அதையும் யோசித்து யோசித்துத்தான் வாங்குகிறது.

இந்த ‘யோசித்து வாங்குவது’ எப்படி இருக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். ஒரு சித்திரை மாசம், மதுரையில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். சாயங்காலம் வரவேற்பு. மயிலாடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். என் வண்டி ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகாது; நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி ஏற்றியாக வேண்டும். மச்சினனும் எங்கள் பின்னாலேயே வந்தான். அவன் வாங்கியது சமீபத்து மாடல்.

கோவில்பட்டிப் பக்கம், நாற்கரச் சாலையோரத்து ஓட்டல் ஒன்றில் சார்ஜர் இருந்தது. அறுபது கிலோவாட் மெஷின், இரண்டு கன். ஒரு பக்கம் அவன் வண்டி, மறுபக்கம் என் வண்டி. கன் என்றால் சின்னச் சமாச்சாரம் அல்ல. அந்தத் தடித்த கேபிளோடு சேர்த்துத் தூக்கி மாட்டுவதற்குள் முதுகில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வண்டியில் மாட்டியதும் இன்னொரு ‘கடக்’. முதல் சத்தம் என்னுடையது, இரண்டாவது பூட்டினுடையது. மெஷினுக்குள் விசிறி உறுமியது. இரண்டு வண்டி மாட்டினால் ஆளுக்கு முப்பது என்று மெஷின் பாகப்பிரிவினை செய்துவிடும். மச்சினன் வண்டி தன் முப்பதையும் மிச்சம் வைக்காமல் இழுத்தது. என் பக்கத்துத் திரையில் 22 என்று வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் 19. பிறகு 17. அறுபது சதவீதத்தைத் தாண்டியதும் 11. எழுபதில் ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது.

“அத்தான், உங்க வண்டிக்கு ஏதாவது சீக்கா?” என்றான் மச்சினன், ரொம்ப மரியாதையாக.

“சீக்கெல்லாம் இல்லடே. வெயில்ல நாற்கரச் சாலையில ஓடி வந்திருக்கு. பேட்டரி சூடு. தன்னைத்தானே காப்பாத்திக்கிடுது.”

“என் வண்டியும் அந்த வெயில்லதான் வந்துது அத்தான்.”

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. புது வண்டிகளில் பேட்டரியைக் குளிர வைக்கிற ஏற்பாடு வலுவானது, பேட்டரியும் பெரியது. பெரிய பேட்டரிக்கு முப்பது கிலோவாட் என்பது கூச்சம் காட்டுகிற மாதிரி, சிறியதற்கு அதுவே உடம்பு நோவுகிற அடி. இதையெல்லாம் நான் விரிவாகச் சொல்லத் தொடங்கியபோது அவன் வண்டி எண்பதைத் தொட்டுவிட்டது. “மண்டபத்துல பாப்போம் அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையில் புகைப்படக்காரர் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பந்தி மட்டும் நடந்துகொண்டிருந்தது. பந்தி நடந்ததால் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. மனைவிக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

மெதுவான சார்ஜுக்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. பெட்ரோல் காசு மிச்சம் என்றுதானே இந்த வண்டியை வாங்கினோம்? தெற்கத்தி ஊர்களின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருநெல்வேலியில் நிறுத்தினால் அல்வா. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது. சாத்தூரில் காராச்சேவு. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. இந்த நாலு ஊரையும் வரிசையாக ஒரே சாலையில் வைத்தவன் ஒரு மின்கார்க்காரனின் பூர்வஜென்மப் பகையாளியாகத்தான் இருக்க வேண்டும். புதுக் கார்க்காரன் இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுவான். ஒரு காப்பியோடு போச்சு. எனக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் மனைவி ஓட்டல் வாசல் கடையில் என்னவெல்லாம் வாங்குவாள் என்பதைப் பெட்ரோல் விலையோடு கழித்துப் பார்த்த கணக்கு ஒன்று என் நோட்டில் இருக்கிறது. விடையை இங்கே எழுதினால் நாளைக்கு யாரும் மின்கார் வாங்க மாட்டார்கள்.

ஏன் வேகம் குறைகிறது என்பதைத் தெருவில் யார் கேட்டாலும் நான் விளக்குவேன். கேட்காவிட்டாலும் விளக்குவேன். நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், தப்ப முடியாது.

பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறது என்றால், லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனையிலிருக்கிற கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன என்று பொருள். பேட்டரி காலியாக இருக்கும்போது அடுக்குகளில் இடம் தாராளம், வேகமாக அனுப்பலாம். நிறைய நிறைய, ஒவ்வொரு அயனியும் இடம் தேடி உள்ளே போகவேண்டும். அப்போதும் அதே வேகத்தில் தள்ளினால் உள்ளே போக நேரமில்லாமல் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும் பகுதி திரும்ப வேலைக்கு வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு போச்சு. படிந்தது ஊசி ஊசியாக வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிற ஆபத்தும் உண்டு. அதனால்தான் எண்பதுக்கு மேல் எல்லா வண்டியுமே, புதுசோ பழசோ, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

பழசுக்கு வருகிற கூடுதல் கஷ்டம் என்னவென்றால், வருஷம் போகப் போகக் கிராஃபைட்டின் மேலுள்ள மெல்லிய படலம் தடித்துக்கொண்டே வரும். பேட்டரியின் உள்தடை கூடும். பத்தாம் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது வெப்பம். தடை கூடினால் அதே கரண்டுக்குச் சூடு அதிகம். தடை கூடினால் இன்னொன்றும் நடக்கும். சார்ஜ் ஏற்றும்போது வோல்டேஜ் தன் உச்ச வரம்பைச் சீக்கிரமே தொட்டுவிடும். தொட்ட அந்த நிமிஷமே கரண்டைக் குறைத்தாக வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வண்டிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு கணினி இருக்கிறது. புது வண்டியில் அது எண்பதில் ‘போதும்’ என்று சொல்லும். என் வண்டியில் ஐம்பத்தைந்திலேயே தொண்டையைக் கனைக்கத் தொடங்கிவிடும்.

இதை ஒருநாள் அடுத்த வீட்டுச் சிற்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மயிலாடியில் அடுத்த வீட்டில் சிற்பி இல்லாவிட்டால்தான் அதிசயம். ரோட்டின் இருபக்கமும் பாதி வெட்டின பிள்ளையாரும், முகம் இன்னும் வராத அம்மனும், படுத்திருக்கிற நந்தியும்தான் எங்களுக்குத் தெருக்காட்சி. அவர் உளியைக் கீழே வைக்காமலேயே கேட்டார். முடித்ததும் சொன்னார்:

“இதுல என்ன சாரே அதிசயம்? பருவெட்டு வெட்டும்போ சுத்தியல ஓங்கி அடிக்கலாம். மூக்கும் கண்ணும் வாற நேரத்துல அப்பிடி அடிச்சா சாமி மூளியாயிரும்லா? அப்போ தட்டித் தட்டித்தான் எடுக்கணும். அதுவும் கல்லுல எங்கயோ ஒரு ஓட்டம் இருக்குன்னு தெரிஞ்சா, தொடக்கத்துலயே கைய அடக்கிக்கிடணும்.”

கல்லில் ஓட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதை அந்த மனிதர் முப்பது விநாடியில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேட்டரி பற்றிப் பேசுவதில்லை. அவருக்கு வேலை நடக்கிறது. எனக்கும் மானம் மிச்சம்.

மச்சினன் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் சாப்பிட்டு முடித்த கையோடு, “வாங்கும்போ சொன்ன வேகம் இப்போ இல்லல்லா அத்தான்? கம்பெனி மேல கேஸ் போடுங்க. வெளிநாட்டுல போட்டு ஜெயிச்சிருக்காங்க” என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. 2019-ல் டெஸ்லா கம்பெனி தன் பழைய மாடல் எஸ் வண்டிகளுக்கு ஒரு மென்பொருள் அப்டேட் அனுப்பியது. அதற்குப் பிறகு தங்கள் வண்டியில் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது, ஓடுகிற தூரமும் குறைந்துவிட்டது என்று நார்வேயில் முப்பது பேர் வழக்குக்குப் போனார்கள். ஆளுக்கு 1,36,000 குரோனர் வரை கொடுக்கவேண்டும் என்று அங்குள்ள சமரச மன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்காவில், பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்த விவகாரத்தில் 1,743 வண்டிக்காரர்களுக்கு ஆளுக்கு 625 டாலர் கொடுத்து டெஸ்லா சமாதானம் ஆனது.

ஆனால் அந்த வழக்குக்கும் என் கதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பெனி கை வைத்து வேகத்தைக் குறைத்தது என்பது புகார். சொல்லாமல் செய்தார்கள் என்பது கோபம். என் வண்டியில் யாரும் கை வைக்கவில்லை. கை வைத்தவர்கள் காலமும் சித்திரை வெயிலும்தான். அவர்கள் மேல் கேஸ் போட எந்த மன்றத்துக்குப் போவது?

நிஸான் லீஃப் கதைதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. அன்றைக்கு அந்த வண்டியின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கவில்லை. 2018-ல் வந்த 40 யூனிட் மாடலில், ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது தடவை வேகச் சார்ஜ் ஏற்றப் போனால் வேகம் பாதிக்குப் பாதி குறைந்தது. நெடும்பயணம் போனவர்கள் கொதித்துப்போனார்கள். பேட்டரியின் ஆயுளைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு என்றது கம்பெனி. மனைவியிடம் இந்தச் சம்பவத்தை விவரித்தேன். “அப்போ உலகம் முழுக்க உங்களைப் போல ஆளுங்க ரோட்டோரத்துல நிக்காங்கன்னு சொல்லுங்க” என்றாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, கவலையாக இருந்ததா தெரியவில்லை.

சரி, அப்படியானால் வேகச் சார்ஜ்தான் பேட்டரியைக் கெடுக்கிறதா? இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வகத்தார் 2012 மாடல் லீஃப் வண்டிகள் நாலை அரிஸோனாவிலுள்ள ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓட்டினார்கள். நம்ம கயத்தாறு வெயில் அதன் முன்னால் பிச்சை வாங்கும், பாலைவன ஊர். இரண்டு வண்டிக்கு எப்போதும் மெதுவான சார்ஜ், இரண்டு வண்டிக்கு எப்போதும் வேகச் சார்ஜ். ஐம்பதாயிரம் மைல், அதாவது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால், மெதுவாக ஏற்றியவை சுமார் 23 சதவீதமும் வேகமாக ஏற்றியவை சுமார் 27 சதவீதமும் இழந்திருந்தன. வேகச் சார்ஜால் வந்த சேதாரம் நாலு சதவீதம்தான். மெதுவாக ஏற்றிய வண்டியே கால்வாசிக்கு நெருக்கமாக இழந்தது என்றால், முக்கியமான குற்றவாளி மேலே ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது. வெயில்.

இதைப் படித்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒரு புதிய ஆட்சி தொடங்கியது. வீட்டு முற்றத்தில் நிழல் என்று இருப்பது ஒரே ஒரு மாமரத்தடி. அது வண்டிக்கு. மனைவியின் ஸ்கூட்டர் வெயிலுக்குப் போனது. அதில் உட்கார்ந்தால் சீட் சுடுகிறது என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். மகளும் மாப்பிள்ளையும் வந்தபோது மாப்பிள்ளை தன் பெட்ரோல் காரை உரிமையோடு மாமரத்தடியில் கொண்டு நிறுத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்து, சூரியனை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டேன். மாப்பிள்ளை நல்ல குடும்பத்துப் பிள்ளை. எழுந்துபோய் வண்டியை எடுத்துத் தெருவில் விட்டார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் பேட்டரி முப்பத்தொரு டிகிரியைத் தாண்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வெளியூர் போய்விட்டு வந்தால் உடனே சார்ஜில் போடுவது கிடையாது. சூடு ஆறட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டுவேன். 3.3 கிலோவாட். முப்பது யூனிட் பேட்டரிக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். எங்கள் வீட்டு மெதுவான சார்ஜால் எந்தப் பேட்டரிக்கும் தீங்கு வராது. தீங்கு வருவது மின்கட்டணத்துக்குத்தான். இரண்டு மாசக் கணக்கில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடும் என்பதால், மாசக் கடைசியில் வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் தோசைமாவு ஆட்டும்போது கிரைண்டர் பக்கத்தில் நான் போய் நின்றதைப் பற்றி இங்கே அதிகம் பேச விருப்பமில்லை.

எண்பதில் நிறுத்தவேண்டும் என்பது பொதுவான விதி. நிறைய ஏற்றி, நிறைந்த நிலையிலேயே வெயிலில் நாள்கணக்காக நிறுத்தி வைப்பதுதான் பேட்டரிக்கு ஆகாது. ஆனால் என் வண்டியிலிருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. எல்எஃப்பி என்பார்கள். இந்த வகையில் கால்வாசி இருக்கும்போதும் முக்கால்வாசி இருக்கும்போதும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், மிச்சம் எவ்வளவு என்று கணினியால் சரியாகச் சொல்ல முடியாது. அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் அதற்குக் கணக்குத் தெளியும். ஆகவே எங்கள் வீட்டில் ஏகாதசி போல நாள் குறித்து ‘முழுச் சார்ஜ்’ நடக்கும். அன்றைக்கு மட்டும் மனைவி, “இன்னைக்கு நூறுக்கு விடுதியளா? அப்போ நாளைக்கு எங்கேயாவது கூட்டிட்டுப் போவிய” என்று ஆசையாகக் கேட்பாள். கன்னியாகுமரி வரை போய் வருவோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பேட்டரிக்கு அதிகச் சிரமம் இருக்காது.

இந்த இரும்பு பாஸ்பேட் விஷயத்தில் நமக்கொரு பெருமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் சாப்பாடு இறங்காது. இந்த வகை பேட்டரிக்கான மூலப்பொருளை 1997-ல் உலகுக்குச் சொன்னது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் தலைமையிலான குழு. அதற்கு முன்பே, எண்பதுகளின் பிற்பகுதியில், இந்த வழியைத் திறந்துவிட்ட ஆராய்ச்சியைக் குடினஃபோடு சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்கிற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019-ல் தமது தொண்ணூற்றேழாவது வயதில் குடினஃப் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக மேடையேறி நோபல் உரையை வாசித்தவரும் மந்திரம்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் வண்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். சீனத்துச் சரக்கு என்று நினைத்திருந்தது, பார்த்தால் தாயாதி!

வண்டியின் ஆரோக்கியம் பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி துளையில் செருகினால் செல்போனில் எல்லாம் வரும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ், வெப்பம், மொத்தமாக ‘எஸ்ஓஎச்’ என்று ஓர் எண். அதாவது புதுசாக இருந்தபோது கொண்ட அளவில் இப்போது எத்தனை சதவீதம் கொள்கிறது என்பது. என் வண்டிக்கு 91. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பேன். 91.2 என்று வந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் அன்பாக இருப்பேன். 90.8 என்றால் பத்திரிகைக்காரப் பையன்கூட என்னைச் சுற்றிக்கொண்டு போவான்.

“வண்டிக்கு எவ்வளவுன்னு கேட்டா தசமத்தோட சொல்லுதிய. உங்க சுகர் எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்” என்று மனைவி ஒருநாள் மடக்கினாள்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்குத் தெரியும், தசமத்தோடு சொன்னாள். கோவில்பட்டி, சாத்தூர், திருநெல்வேலி என்று ஊர் ஊராக நின்றதில் வந்த எண் அது. பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்றப் போய் எந்த ஆயுளில் கை வைத்திருக்கிறேன் என்று அவள் கேட்டாள். ஜியோடாப் என்கிற கம்பெனி ஆயிரக்கணக்கான மின்வண்டிகளின் விவரத்தை வைத்து 2024-ல் சொன்ன கணக்குப்படி, சராசரியாக வருஷத்துக்கு 1.8 சதவீதம்தான் பேட்டரி தேய்கிறது என்று நான் பதில் சொன்னேன். அந்தக் கணக்கில் பார்த்தால் பேட்டரி, வண்டியின் மற்ற பாகமெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் ஓடும். “பேட்டரிக்குச் சரி” என்று அவள் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் பயணப் பையில் கடலைமிட்டாய்க்குப் பதில் வெள்ளரிக்காய் வந்துவிட்டது. சார்ஜ் ஏறும் வரை வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து ஓட்டல்காரர்களுக்கே மனசு கேட்பதில்லை.

மச்சினன் இப்போது என் வண்டியைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டு, “வித்திடுங்க அத்தான்” என்று புத்தி சொல்ல ஆரம்பித்திருக்கிறான். எதற்கு விற்க வேண்டும்? நாகர்கோவில் போய் வர, சுசீந்திரம் தேரோட்டம் பார்க்க, அஞ்சுகிராமத்துச் சந்தைக்குப் போக இந்த வண்டி தாராளம். வருஷத்தில் சில நாள் நெடுஞ்சாலையில் கூடுதலாக அரைமணி நேரம் நிற்கவேண்டும் என்பதற்காக யாராவது பல லட்ச ரூபாயைக் கொட்டுவார்களா? அந்த அரைமணி நேரத்தில் வண்டி தன் உயிரைக் காத்துக்கொள்கிறது. எனக்கு அதில் ஆட்சேபமில்லை. மெதுவாக ஏறுவது கோளாறு என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அந்த வண்டி மெதுவாக வாங்காமல், மச்சினன் வண்டியைப் போல முப்பதும் அறுபதுமாக வாங்கிக்கொண்டிருந்தால்தான் நான் பயப்படவேண்டும்.

பழைய மின்கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இப்போது பழசு சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. அவர்களுக்குச் சொல்வது இதுதான். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சீட் கவரைப் பார்க்காதீர்கள், ஓடின கிலோமீட்டரையும் மட்டும் நம்பாதீர்கள். ஓபிடி கருவியைச் செருகி எஸ்ஓஎச் பாருங்கள். இந்தியாவில் இந்த வண்டிகள் பலவற்றுக்கும் பேட்டரி வாரண்டி எட்டு வருஷம்; அதில் எவ்வளவு மிச்சம், வாங்குகிறவர் பெயருக்கு அது மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், வண்டியை டிசி சார்ஜரில் ஒருதரம் மாட்டுங்கள். காலை நேரம், பேட்டரி குளிர்ந்து, இருபது சதவீதத்தில் இருக்கும்போது மாட்டவேண்டும். அப்போதே வேகம் வராவிட்டால் விலையைக் குறையுங்கள். மத்தியானம் ஓடி வந்த சூட்டில் வேகம் குறைந்தால் அதற்காக வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, சார்ஜர் எல்லோருக்கும் பொது. எண்பதுக்கு மேல் எந்த வண்டியானாலும் ஊர்ந்துதான் ஏறும். என் வண்டியைச் சொல்லவே வேண்டாம். நாற்கரச் சாலையில் எங்கேயாவது மாமர இலை ஒட்டின பழைய வண்டி ஒன்று எண்பதைத் தாண்டியும் கன்னோடு நிற்பதைக் கண்டால், உள்ளே வந்து குரல் கொடுங்கள். வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து கழற்றித் தருகிறேன்.